எங்கள் சாமிகள் எங்கிருந்து வந்தவர்கள்?

வதிவிட அனுமதிக்காக ஒரு கந்தோர், வீட்டுக்காக இன்னொரு கந்தோர், வேலைக்காக வேறொன்று என்று அலைந்து, ஒருவாறு மூச்சு விடுகின்ற நேரத்திலேதான் எமது பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கேள்விகளைக் கொண்டு வரத் தொடங்குகிறார்கள். அவற்றுள் முதலாவதாக வருவது பெரும்பாலும் சாமியைப் பற்றிய கேள்விதான். உங்களுக்கு எத்தனை கடவுள்? அதில் யார் பெரியவர்? யானைத் தலை ஏன்? ஊரில் இப்படி எவரும் எம்மைக் கேட்டதில்லை. கோயில் மணி கேட்டால் கும்பிட்டோம், திருவிழா வந்தால் போனோம், கேட்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஜேர்மனியில் அப்படியில்லை. வகுப்பில் ஆசிரியை கேட்கிறார், பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்கிறது. எமது பிள்ளை பதில் தெரியாமல் தலையைக் குனிந்தால், அடுத்த முறை "எங்களுக்குச் சமயம் இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்து விடும். அப்படிச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் கதவுப் பிணைச்சல்கள் பொதி செய்கிறேன். பண்டிதர் எழுத வேண்டிய விடயத்தை நீ ஏன் எழுதுகிறாய் என்று சிலர் நினைக்கலாம். பண்டிதர்கள் எழுதியவை நிறைய உண்டு. ஆனால் இரவு வேலை முடிந்து வந்து பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய தகப்பனுக்கும் தாய்க்கும் ஏற்ற மாதிரி எழுதியது குறைவு. ஆகவே வாசித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பாடசாலைகளில் எமது சமயத்தைப் பற்றிக் கொடுக்கும் தாள்களில் வழக்கமாக மூன்று பெட்டிகள் இருக்கும். பிரமா படைக்கிறார், விஷ்ணு காக்கிறார், சிவன் அழிக்கிறார். இது பிழை என்று சொல்ல முடியாது. புராணங்களில் உள்ள ஒழுங்குதான். ஆனால் இந்த மூன்று பெட்டிகளையும் அப்படியே வைத்துக் கும்பிடுகிறவர்களைக் காண்பது அரிது. படைப்பவர் என்று முதற் பெட்டியில் இருக்கும் பிரமாவுக்குத் தனிக் கோயில்களை விரல் விட்டு எண்ணலாம். ராஜஸ்தானில் புஷ்கர் என்ற ஊரில் உள்ளது அவற்றில் பெயர் பெற்றது. சிவனின் முடியைக் கண்டேன் என்று தாழம்பூவைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னதால் பிரமாவுக்குக் கோயில் இல்லாமல் போனது என்று எங்கள் கதை சொல்கிறது. சிவனுக்கு அழித்தல் மட்டும்தான் தொழில் என்று ஒரு சைவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார். சைவ சித்தாந்தத்தில் சிவனுக்கு ஐந்து தொழில்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நடராசர் சிலையிலேயே இந்த ஐந்தும் இருக்கின்றன. உடுக்கை படைத்தல், அபயம் காட்டும் கை காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். இந்திய அரசு கொடுத்த ஒரு பெரிய நடராசர் சிலை 2004இல் ஜெனீவாவில் உள்ள சேர்ன் அணு ஆராய்ச்சி நிலைய வளவில் வைக்கப்பட்டது. சுவிஸ் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதே போல வைணவருக்குத் திருமாலே எல்லாத் தொழிலுக்கும் உரியவர், அம்மனைக் கும்பிடும் சாக்தருக்குத் தாயே எல்லாம். மூன்று பெட்டி என்பது இந்த எல்லோரையும் ஒரு தாளில் அடக்கப் பிற்காலத்தில் செய்த ஏற்பாடு.

எத்தனை கடவுள் என்ற கேள்வி புதியதும் அல்ல, வெள்ளைக்காரர் கேட்டதும் அல்ல. பிருகதாரண்யக உபநிடதத்தில் சாகல்யர் என்பவர் யாஞ்ஞவல்கியர் என்ற ஞானியிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். முதலில் 3306 என்று பதில் வருகிறது. சரி, உண்மையில் எத்தனை என்று திரும்பக் கேட்க 33 ஆகிறது. பிறகு 6, பிறகு 3, பிறகு 2, பிறகு ஒன்றரை, கடைசியில் ஒன்று. அந்த ஒன்றரை எனக்கு மிகவும் பிடித்தது. வேதகாலத்தில் தேவர்கள் 33 பேர் என்ற கணக்கே பின்னர் முப்பத்து முக்கோடி என்று பெருகியது. கோடி என்ற சொல்லுக்கு வடமொழியில் வகை என்ற பொருளும் உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதை அறிய இரண்டு பழைய இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று வடக்கே, இருக்கு வேதம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது, 1028 பாடல்கள் கொண்டது. அதில் பெரிய கடவுள் சிவனும் இல்லை, விஷ்ணுவும் இல்லை. இந்திரன்! கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு பாடல்கள் அவனுக்குத்தான். அடுத்தது நெருப்பாகிய அக்கினி. விஷ்ணுவுக்கென்று தனியாக உள்ள பாடல்கள் மிகச் சில. மூன்று அடியால் உலகை அளந்தவன் என்ற செய்தி அதிலேயே வந்துவிடுகிறது. உருத்திரனுக்கு மூன்று பாடல்கள். உருத்திரன் வில்லேந்திய கோபக்காரன், நோய் தருபவனும் அவன், மருந்து தருபவனும் அவன். அவனைக் குளிர்விப்பதற்காகச் சொன்ன சொல்தான் சிவம், அதாவது மங்களமானவன். அந்த அடைமொழியே காலப்போக்கில் பெயராகி விட்டது.

மற்றது எங்கள் தமிழ் நிலம். தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்துக்கு ஒரு தெய்வம் வைக்கிறது. வேந்தன் என்பது இந்திரன் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பாலைக்குக் கொற்றவை என்பது பிறகு சேர்ந்தது. மாயோன் கருநிறத்தவன், திருமால். சேயோன் சிவந்தவன், முருகன். சங்க நூல்களில் சிவன் என்ற பெயரே இல்லை. ஆனால் மூன்று கண் உடையவன், நீலமணி போன்ற கழுத்து உடையவன் என்று அவரைப் பற்றிய பேச்சு இருக்கிறது. பெயர் பின்னால் வந்தது, ஆள் முன்பே வந்து விட்டார்.

இந்த இரண்டு ஊற்றுக்களும் எப்படிக் கலந்தன என்பதை அறிய எங்கள் முருகனைப் பார்த்தால் போதும். மலைநாட்டில் வேலன் என்ற பூசாரி வேலைப் பிடித்து வெறியாடி, தினையரிசியோடு ஆட்டு இரத்தம் கலந்து தூவி வழிபட்ட தெய்வம் அவன். இது சங்கப் பாடல்களிலும் திருமுருகாற்றுப்படையிலும் இருக்கிறது. வடக்கே ஸ்கந்தன் என்று வேறொரு போர்த் தெய்வம் இருந்தான். தேவர்களின் சேனாபதி, சிவனின் தேசிலிருந்து தோன்றி அக்கினி சுமந்து, கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்த பிள்ளை. குஷான அரசன் ஹுவிஷ்கனின் 2ஆம் நூற்றாண்டு நாணயங்களில் ஸ்கந்தன், குமாரன், விசாகன், மகாசேனன் என்ற பெயர்கள் வெவ்வேறு உருவங்களுக்குப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று எங்களுக்கு இந்த நால்வரும் ஒருவரே. 5ஆம் நூற்றாண்டில் குப்த அரசர்கள் குமாரகுப்தன், ஸ்கந்தகுப்தன் என்று பெயர் வைத்துக் கொள்ளும் அளவுக்கு வடக்கில் அவன் பெரிய சாமி. பிற்காலத்தில் அங்கே அவன் வழிபாடு மங்கிப் போயிற்று. தமிழரிடம் வந்தவன் சேயோனோடு ஒன்றாகித் தங்கிவிட்டான்.

கந்தனின் இரண்டு மனைவியரையும் பாருங்கள். தெய்வானை இந்திரனின் மகள், வள்ளி தினைப்புனம் காத்த வேடுவப் பெண். ஒன்று வேதத்துச் சம்பந்தம், மற்றது மலைநாட்டுச் சம்பந்தம். இரண்டு மரபும் ஒரு வீட்டுக்குள் வந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நாலில் ஒரு பங்கு வேதத்தை வைத்திருந்த இந்திரன் இன்று எங்களுக்கு முருகனின் மாமனார், கோயிலில் கிழக்குத் திசைக் காவல்காரன், அவ்வளவுதான். சாமிகளுக்கும் பதவி உயர்வும் இறக்கமும் இருந்திருக்கின்றன.

எங்கள் மண்ணில் இந்தக் கலப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் பூசை, பூசை செய்பவர் சிங்களக் கப்புறாளை, வாயைக் கட்டிக் கொண்டு செய்வார். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலும் பிராமணக் குருக்கள் இல்லை. கப்புகர் வாய்கட்டிப் பூசை செய்கிறார். நல்லூரில் மூலவர் வேல். இது ஒருபுறம். மறுபுறத்தில் மாவிட்டபுரத்தில் ஆகம முறைப்படி பூசை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, கோயில் மண்டபத்தில் இருந்து கேட்ட சமூகம் நாங்கள். "கந்தபுராண கலாசாரம்" என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அதற்குப் பெயரே வைத்தார். சூரன்போரில் கடைசியில் சூரன் சாவதில்லை. மாமரமாக நின்று பிளவுபட்டுச் சேவலும் மயிலுமாகி, கொடியும் வாகனமுமாக முருகனோடேயே இருக்கிறான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. குளிர்கால இரவில் வானம் தெளிந்திருந்தால் கார்த்திகைக் கூட்டம் இங்கும் நன்றாகத் தெரியும். ஜேர்மனியர் அதை ஏழு வெள்ளி என்கிறார்கள், நாங்கள் ஆறு என்கிறோம். முருகனுக்குப் பாலூட்டிய ஆறு தாய்மாரும் அவர்கள்தான் என்று சொல்லிப் பிள்ளைகளை எண்ண விடலாம்.

பிள்ளையாரின் கதை வேறு. ஊரில் குளக்கட்டு, சந்தி, வயல் வரம்பு எங்கும் இருப்பவர், சாணியிலோ மஞ்சளிலோ பிடித்து அறுகம்புல் குத்தினால் வந்து விடுபவர். ஆனால் வரலாற்றில் பார்த்தால் பெரிய சாமிகளுள் பிந்தி வந்தவர் இவர்தான். சங்க நூல்களில் அவரைக் காணவில்லை. யானை முகத்துச் சிலைகள் வடக்கில் குப்தர் காலமளவில்தான் தெளிவாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்திய வடமொழி நூல்களில் விநாயகர்கள் என்று பன்மையில் ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் மனிதரைப் பிடித்துக் காரியத்தைக் கெடுக்கும் பூதங்கள், சாந்தி செய்து விலக்க வேண்டியவர்கள். இடையூறு செய்பவரைக் கும்பிட்டால் இடையூறு நீங்கும் என்ற இடத்திலிருந்து, இடையூறு நீக்குபவர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். 642இல் பல்லவர் வாதாபியைப் பிடித்தபோது தளபதி பரஞ்சோதி கணபதியைக் கொண்டு வந்தார் என்ற வழக்கு தமிழ்நாட்டில் உண்டு. அதே நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் கணபதியின் பிறப்பைப் பாடியிருக்கிறார். பிள்ளையார்பட்டிக் குகைக் கோயில் வாதாபிப் போருக்கும் முந்தியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, பிந்தி வந்தவர் முதற் பூசையை எடுத்துக் கொண்டார்!

எனது வேலைத்தலத்தில் பங்களாதேஷ் நாட்டு இந்து ஒருவர் இருக்கிறார். தேநீர் இடைவேளையில் ஒருநாள் சாமிப் பேச்சு வந்தது. எங்கள் பிள்ளையார் பிரமச்சாரி, முருகனுக்கு இரண்டு மனைவி என்றேன். அவர் சிரித்து விட்டார். வடக்கில் கணேசருக்குத்தான் சித்தி, புத்தி என்று இரண்டு பேர், கார்த்திகேயன் பல இடங்களில் பிரமச்சாரி. அதோடு பல இடங்களில் கார்த்திகேயனே மூத்தவன். அவர்களுடைய துர்க்கா பூசையில் இலட்சுமி, சரஸ்வதி, கணேசர், கார்த்திக் நான்கு பேரும் துர்க்கையின் பிள்ளைகளாக அவளுடன் பிறந்த வீட்டுக்கு வருகிறார்கள். எங்களுக்கு இலட்சுமி திருமாலின் மனைவி, சரஸ்வதி பிரமாவின் மனைவி. இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். மணி அடித்ததும் எழும்பிப் போனோம். அவர் சொன்னதும் பிழையில்லை, நான் சொன்னதும் பிழையில்லை. ஒரே சாமிகளுக்கு ஊருக்கொரு குடும்ப அட்டை இருக்கிறது.

திருமாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேதத்து விஷ்ணு, யாதவ குலத்து வாசுதேவ கிருஷ்ணன், நாராயணன், எங்கள் மாயோன் என்று பலர் சேர்ந்த பெருவெள்ளம் அவர். கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டளவில் ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் மத்திய இந்தியாவில் விதிசா நகருக்கு அருகே வாசுதேவருக்குக் கருடத் தூண் ஒன்று நாட்டினார். அந்தத் தூணும் அதில் உள்ள எழுத்தும் இன்றும் உள்ளன. வந்த நாட்டுச் சாமியைக் கும்பிட்ட வெளிநாட்டுக்காரர்! வடமராட்சிக்காரருக்கு வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்தை நான் சொல்லத் தேவையில்லை. இங்கே ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாளுக்குக் கால்வாயில்தான் தீர்த்தம்.

அம்மனிடம் வருவோம். இவளுடைய வேர் மிகவும் ஆழமானது, ஒன்றல்ல, பல. கொற்றவை போர்த் தாய். எருமைத் தலை அசுரனைக் கொன்ற துர்க்கையை மாமல்லபுரத்துக் கல்லில் 7ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கி வைத்தார்கள். சரஸ்வதி வேதத்தில் ஓர் ஆறு. பிறகுதான் பேச்சுக்கும் கல்விக்கும் தாயானாள். பௌத்தத்தோடு யப்பான் வரை போய் அங்கே பென்சைதென் என்ற பெயரில் இன்றும் கும்பிடப்படுகிறாள். மாரியம்மனை மழைக்கும் அம்மை நோய்க்கும் கும்பிட்டோம். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. இன்று அவளிடம் விசாவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நேர்த்தி வைக்கிறார்கள்.

ஆனால் எங்கள் தீவுக்கு மிகவும் சொந்தமானவள் கண்ணகி. அவள் வானத்திலிருந்து வந்தவள் அல்ல. புருஷனை அநியாயமாகக் கொன்ற அரசனிடம் நியாயம் கேட்ட ஒரு வணிகர் வீட்டுப் பெண். சிலப்பதிகாரத்தில் இலங்கை அரசன் கயவாகு அவளுக்கு எடுத்த விழாவைப் பற்றிய செய்தி இருக்கிறது. சிங்களவருக்கு அவள் பத்தினித் தெய்யோ. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறது, மட்டக்களப்பில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் ஆகமத்துக்கு அமைந்த சைவத்தை நிலைநாட்ட முனைந்தபோது கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அதன் பிறகு கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலர் செய்த தொண்டு பெரியது. பாதிரிமாரின் பாடசாலைகளுக்கு நடுவில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதிக் கொடுத்தவர் அவர். ஆனாலும் நியாயம் கேட்ட பெண்ணை வாசலுக்கு வெளியே விட்டது எனக்குச் சம்மதமில்லை. எமது இன்றைய நிலையில், காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பார்த்த பிறகு, அவளைப் பற்றித்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

புத்தகங்களில் பெரிய இடம் கிடைக்காத சாமிகளும் உண்டு. வைரவர், ஐயனார், அண்ணமார், நாச்சிமார், விறுமர். இவர்களில் வைரவருக்கு மட்டும் ஒரு பெரிய முகவரி இருக்கிறது. பிரமாவின் ஐந்தாவது தலையைக் கொய்த சிவனின் கோபவடிவம், காசியில் காவல் தெய்வம். எங்கள் கோயில்களிலும் இரவில் கடைசிப் பூசை அவருக்குத்தான். அதன் பிறகு கோயில் அவருடைய காவலில். ஆனால் பனங்காணியிலும் கிணற்றடியிலும் மரத்தின் கீழ் ஒரு சூலமாக நிற்பவர், காசியிலிருந்து வந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே முன்பே நின்ற காவல்காரருக்குப் பின்னர் யாரோ வைரவர் என்று பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்து வைரவரும் அப்படித்தான். வலிகாமம் வடக்கில் எங்கள் காணியில் ஒரு புளியமரத்தின் கீழ் நின்றார். 1990இல் அந்தப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது, பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். அப்போது நான் கைக்குழந்தை. அந்தச் சூலத்தை நான் கண்டதே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோது அம்மா போய்ப் பார்த்தா. வீடு இல்லை, மரமும் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அயலட்டைச் சனம் நாலு பேர் சேர்ந்து கிணற்றை வைத்துத் திசை கணித்து, மரம் நின்ற இடம் இதுதான் என்று ஒரு புதுச் சூலத்தை நட்டிருக்கிறார்கள். அம்மா தொலைபேசியில், "அங்கயும் வைரவருக்கு ஒரு வடைமாலை போடு மோனை, அவர் காவலுக்கு வருவார்" என்றா.

இங்கே வீட்டில் அவருக்குப் படமும் இல்லை, சிலையும் இல்லை. இந்திய வியாபாரிகளின் கடைகளில் பிள்ளையாரும் இலட்சுமியும் எத்தனையும் வாங்கலாம், எங்கள் வைரவர் கிடைக்க மாட்டார். வேலைத்தலத்தில் ஒட்டுவேலை செய்கிற துருக்கி நாட்டவர் ஒருவரிடம் படம் கீறிக் காட்டினேன். கழிவு இரும்பில் ஒரு சாண் உயரத்தில் சூலம் ஒன்று செய்து தந்தார், காசு வாங்கவில்லை. அது சாமித்தட்டில் நிற்கிறது. இரவு வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் உழுந்து வடை சுட்டு நூலில் கோர்த்துப் போடுகிறோம். எண்ணெய்ப் புகைக்கு வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். யன்னலைத் திறந்துவிட்டு, துவாயால் விசிறிக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றவர் சுட வேண்டும்.